கடைசி மாதத்து அழைப்புகள்

ஆறு மாடி உயரத்தில், கம்பிக் கயிற்றை நம்பி, லிஃப்ட் கூண்டின் தலையில் ஏறி நின்று வேலை பார்க்கிறவர்கள் அந்த ஐந்து பேரும். அங்கிருந்து கீழே எட்டிப் பார்த்தால் நமக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். அவர்கள் அங்கேயே உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அப்பேர்ப்பட்ட ஆட்கள் வருஷத்தில் ஒரே ஒரு மாதம் மட்டும் பயந்து செத்தார்கள். வரிக்கணக்கு ஆண்டின் கடைசி மாதம் அது. அந்த மாதத்தில், வேலை நேரம் முடிந்தபிறகு அறையில் தொலைபேசி அடித்தால், நான்கு பேர் சுவரைப் பார்ப்பார்கள். ஐந்தாவது ஆள் எழுந்து போய் எடுப்பார்.

அந்த ஐந்தாவது ஆள்தான் கோட்டண்ணன். புதிதாகச் சேர்கிறவர்கள் இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, இவர் ஒரு காலத்தில் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு லிஃப்ட் ரிப்பேருக்குப் போனவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். கிரீஸ் படிந்த நீலச் சட்டையைத் தவிர அவர் வேறு எதையும் போட்டதில்லை. கோடு என்றால் வரிக்கோடு. வருமானம் இதற்குக் கீழே இருந்தால் நூற்றுக்கு இவ்வளவு, இதைத் தாண்டினால் அதைப் போல இரண்டு பங்கு என்று அரசாங்கம் ஒன்று கிழித்து வைத்திருக்கிறதே, அது. அந்த விஷயத்தைக் கரைத்துக் குடித்தவர் அந்த அறையில் அவர் ஒருவர்தான் என்று பேர்.

பேர் எப்படி வந்தது என்று கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். அவர் தலைமை மெக்கானிக் ஆனபோது நிலுவைப் பணமெல்லாம் ஒரே மாதத்தில் மொத்தமாக வந்தது. மொத்தமாக வந்ததால் வரியும் மொத்தமாகப் பிடித்தார்கள். சம்பளச் சீட்டைப் பார்த்தவருக்கு வயிறு எரிந்தது. சம்பளப் பிரிவில் போய், ஏன் இவ்வளவு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாதவன் என்று ஆகிவிடுமே. தலைமை மெக்கானிக் ஆன முதல் மாதமே தெரியாதவன் ஆவதா? அவரே யோசித்து, அவரே ஒரு முடிவுக்கு வந்து, அதை அறைக்குச் சட்டமாகவும் ஆக்கிவிட்டார்.

"கோட்டைத் தாண்டிட்டீங்கன்னு வெச்சுக்கோங்க, தாண்டின காசுக்கு மட்டும் இல்ல, மொத்த சம்பளத்துக்கும் அந்தப் பெரிய வரி விழும்," என்று சொல்லுவார். "ஓ.டி. பார்த்து நாலு காசு சம்பாதிக்கப் போய், கையில இருந்த நாப்பதை விட்டுட்டு வர்ற கதை."

கேட்டவர்கள் வெலவெலத்துப் போனார்கள். சாதாரண மாதங்களில் ஓ.டி. என்றால் அந்த அறையில் அடிதடி. வேலை நேரத்துக்கு வெளியே போனால் இரட்டைச் சம்பளம் ஆயிற்றே. ஆனால் கடைசி மாதம் வந்ததும், கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்ட நாலு பேரும் பூனை மாதிரி ஒதுங்கிக்கொள்வார்கள். வருகிற எல்லா அழைப்புக்கும் கோட்டண்ணனே போவார். "நான்தான் ஏற்கெனவே தாண்டினவனாச்சே. எனக்கு இனிமே வந்தா என்ன, போனா என்ன," என்பார்.

இதை ஒரு தியாகமாகவே அவர் நினைத்தார் என்பதுதான் பரிதாபம். விடுமுறை நாளில் மற்றவர்கள் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருக்க, அவர் மட்டும் யாரோ ஒருவருடைய அடுக்குமாடிக் கட்டிடத்தில், இருட்டுக் குழியில் எண்ணெய்ப் பிசுக்குக்கு நடுவே கிடப்பார். முதுகு விட்டுப்போகும். அந்த மாதச் சம்பளம் மட்டும் கனமாக இருக்கும். அதை அவர் அவ்வளவாகக் கவனித்துக்கொள்ள மாட்டார். வருஷம் முடிந்ததும் அந்தப் பணத்திலேயே எல்லாரையும் நல்ல ஓட்டலுக்குக் கூட்டிப் போய் வயிறாரச் சாப்பாடு வாங்கித் தருவார். "நமக்காக அண்ணன் ஓடாத் தேயறாரு," என்று ஸ்பேனர் கை கழுவுகிற இடத்தில் வைத்து எல்லாரிடமும் சொல்லுவான். ஸ்பேனர் என்பது ஒல்லியாய் உயரமாய் வளைந்து நிற்கிற ஒருவனின் பட்டப்பெயர். சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்துக் கையும் கூப்புவான்.

கோட்டண்ணனின் சொல்லை வேதமாக எடுத்துக்கொண்டவர்களில் முதல் ஆள் அவருடைய மைத்துனன். மனைவியின் தம்பி. வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை அழைத்து வந்து, டோர் லாக் எது, பிரேக் எது என்று கற்றுக்கொடுத்து ஆளாக்கியவர் அவர்தான். அத்தான் சொன்னால் மழை கீழிருந்து மேலே பெய்கிறது என்றாலும் குடையைத் தலைகீழாகப் பிடிக்கிற பையன். அவனுடைய அந்த நம்பிக்கை கோட்டண்ணனுக்கு சம்பளத்தைவிடப் பெரிய விஷயம். வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார், ஆனால் அதுதான் உண்மை.

அந்த வருஷக் கடைசி மாதத்தின் ஆரம்பத்தில், ஒரு விடுமுறை நாளில், கோட்டண்ணன் உறவுக்காரர் கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். பார்த்து அன்றைக்கென்று ஒரு குடியிருப்பில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே நிறைமாத கர்ப்பிணி ஒருத்தியும் அவளுடைய மாமியாரும். அழைப்பு ஒவ்வொரு வீடாகப் போயிற்று. ஸ்பேனருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. இன்னொரு கூட்டாளியான மூக்குக்கண்ணாடிக்காரர் குளித்துக்கொண்டிருந்தார், வெகுநேரம். நான்காவது ஆள் போனையே எடுக்கவில்லை. மைத்துனன் பல்லைக் கடித்துக்கொண்டு போனான். மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைக் கையால் தளர்த்தி, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் கூண்டை ஒரு மாடிக்கு இறக்கி, இருவரையும் வெளியே கொண்டுவந்தான். பிரேக்கின் கம்பிச் சுருள் கருகிப்போயிருந்தது. அதை மாற்றி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது.

அந்த வாரம் வந்த ஓ.டி. கணக்குச் சீட்டில் அவனுடைய வருஷத்து மொத்தம் கோட்டைத் தாண்டி நின்றது.

அவன் அந்தச் சீட்டை அத்தானிடம் நீட்டியபோது எதையோ திருடிவிட்டு வந்து நிற்கிறவன் மாதிரி இருந்தான். "தாண்டிட்டேன் அத்தான். வீட்டுல அவ பேசமாட்டேங்கறா. தனிக் குழாய் இருக்கற வீட்டுக்கு முன்பணம் குடுக்கலாம்னு சேர்த்து வெச்சிருந்தோம். அதெல்லாம் வரியிலேயே போயிடும், ஊரான் வீட்டுப் பொண்ணைக் காப்பாத்தப் போய் சொந்தப் பொண்டாட்டியைத் தெருவுல விட்டீங்களேன்னு கேக்கறா."

"விடு மச்சான். நான் பாத்துக்கறேன்," என்றார் கோட்டண்ணன். எதைப் பார்த்துக்கொள்வது, யாரைப் பார்ப்பது என்று அவருக்கே தெரியாது. ஆனால் இந்த மாதிரி நேரத்தில் அப்படிச் சொல்லத்தானே அவர் இருக்கிறார்.

மறுநாள் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வரி அலுவலகத்துக்குப் போனார். ஒன்றோடொன்று இரும்புப் பட்டையால் பிணைத்த நாற்காலிகள், கையில் டோக்கன், தலைக்கு மேல் முனகுகிற மின்விசிறி. அவர் முறை வந்தபோது கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் அம்மாள் இருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்.

"என் மச்சான் தெரியாம கோட்டைத் தாண்டிட்டான் மேடம். தாண்டின பணத்தை கம்பெனிக்கே திருப்பிக் குடுத்துடறோம். வேண்டாம்னு எழுதிக் கையெழுத்தும் போடறோம். அவனைப் பழையபடி கோட்டுக்குக் கீழயே வெச்சுக்க முடியுமா?"

அந்த அம்மாள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார். "சம்பாதிச்ச பணத்தை வேண்டாம்னு சொல்ல வந்த முதல் ஆள் நீங்கதான். எதுக்கு வேண்டாம்?"

கோட்டண்ணன் விளக்கினார். நிதானமாக, அறையில் விளக்குகிற அதே தோரணையில். மொத்தத்துக்கும் பெரிய வரி, நாலுக்கு ஆசைப்பட்டு நாற்பது போவது, எல்லாம். அந்த அம்மாள் குறுக்கிடவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவர் சட்டைப் பையில் தைத்திருந்த கம்பெனி முத்திரையைப் பார்த்தார்.

"லிஃப்ட் கம்பெனியா? அதான். லிஃப்ட்டுல உள்ள நிக்கற எல்லாரும் மொத்தமா மேல போயிடுவாங்க. வரி அப்படி இல்லைங்க. மாடி மாடியா குடித்தனம் இருக்கற வீடு மாதிரி. கீழ் மாடிக்கு வாடகையே கிடையாது. நடு மாடிக்கு நூத்துக்குப் பத்து. மேல் மாடிக்கு நூத்துக்கு இருபது. மேல ஒருத்தர் குடி வந்தா கீழ இருக்கறவங்க வாடகை ஏறுமா?"

"ஏறாது."

"உங்க மச்சான் வருமானத்தை நூத்தி மூணுன்னு வெச்சுக்கோங்க. கோடு நூறுல இருக்கு. முதல் அம்பதுக்கு வரி இல்ல. அடுத்த அம்பதுக்கு அஞ்சு. மிச்சம் மூணுதான் மேல் மாடி. அதுக்கு அறுபது காசு. ஆக மொத்தம் அஞ்சு அறுபது. நீங்க நினைச்ச மாதிரி இருபதும் இல்ல, முப்பதும் இல்ல. அந்த மூணு சம்பாதிச்சதுல வரி போக ரெண்டு நாப்பது அவர் கையில நிக்கும். கோட்டைத் தாண்டினதால ஒருத்தரும் ஏழையாகறதில்லைங்க." சொல்லிவிட்டு, ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தோ என்னவோ, சிரித்தார். "நல்லவேளை, ஓ.டி. வேண்டாம்னு சொல்லாம இருந்தாரே."

கோட்டண்ணனும் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

வெளியே வாகனம் நிறுத்துகிற இடத்தில் ஒரு சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தார். மைத்துனன் தப்பித்தான் என்ற சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அதன் பின்னாலேயே மற்றவர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். ஏழெட்டு வருஷம். ஒவ்வொரு கடைசி மாதத்திலும் அடித்த அத்தனை அழைப்புகளும். அவர்கள் வாங்கியிருக்க வேண்டிய இரட்டைச் சம்பளம் முழுக்க இவர் பைக்குள் போயிருக்கிறது. அந்தப் பணத்தில்தான் அவர்களுக்கே சாப்பாடு வாங்கிப் போட்டிருக்கிறார். ஸ்பேனர் கை கூப்பியது ஞாபகம் வந்தது. அதை இவர் தலையை அசைத்து ஏற்றுக்கொண்டதும் ஞாபகம் வந்தது. காது மடல் வரைக்கும் சுட்டது.

இதை அறையில் போய்ச் சொன்னால் என்ன சொல்வார்கள்? ஒன்று, திருடன் என்பார்கள். இல்லை, முட்டாள் என்பார்கள். திருடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால் முட்டாள்தான் என்று நிரூபித்தாக வேண்டும். அதுவும் சும்மா முட்டாள் இல்லை, ஊருக்கே பாடம் எடுத்த முட்டாள். இருந்தாலும் சொல்லிவிடுவது என்றுதான் பஸ் ஏறினார். சொல்ல வேண்டிய வாக்கியங்களைக்கூட வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பக்கத்துச் சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

அறைக்குள் நுழைந்தபோது நாலு பேரும் எழுந்து நின்றார்கள். விளிம்பு உடையாத ஒரே கோப்பையில் அவருக்கு டீ ஊற்றி வைத்திருந்தார்கள். மைத்துனன் முகத்தில் ஈயாடவில்லை.

"என்னாச்சு அத்தான்?"

"ஒண்ணும் பயப்படாதே. உனக்குப் பெருசா எதுவும் வராது." இது உண்மைதான்.

"ஆபீசர்கிட்ட பேசிட்டீங்களாண்ணே?" என்றான் ஸ்பேனர்.

"பேசினேன்." இதுவும் உண்மைதான்.

"கேட்டுக்கிட்டாரா?"

இங்கேதான் அவர் தயங்கினார். நாலு முகமும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. மைத்துனனின் கண் கலங்கியிருந்தது. பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வாக்கியங்களில் ஒன்றாவது வாயில் வரும் என்று காத்திருந்தார். "கேட்டுக்கிட்டாங்க," என்று வந்தது.

மைத்துனன் அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். ஒருத்தன் தோளில் தட்டினான். மூக்குக்கண்ணாடிக்காரர், "ஆபீசரையே மடக்கிட்டாரய்யா," என்றார். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கோட்டண்ணன் டீயைக் குடித்தார்.

அன்று சாயங்காலமே தொலைபேசி அடித்தது. நாலு பேரும் சுவரைப் பார்த்தார்கள். 'நீ போ மச்சான், ஒண்ணும் ஆகாது' என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் முழுவதும் சொல்ல வேண்டும். கொஞ்சம் முன்னால்தான் ஆபீசரை மடக்கியவர், அதற்குள் எப்படிச் சொல்வது? டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பணத்துக்காகப் போகவில்லை, போகாமல் இருக்க வழி தெரியாமல் போனார் என்று அவருக்காக வேண்டுமானால் நாம் வாதாடலாம். பணம் என்னவோ அவருக்குத்தான் வந்தது. அதற்கு அடுத்த விடுமுறை நாளில் இன்னோர் அழைப்பு. அதற்கும் போனார். முன்பெல்லாம் குழிக்குள் இறங்கினால் முதுகுதான் வலிக்கும். இப்போது அவருக்குத் தன் முகத்தையே யாரோ டார்ச் அடித்துப் பார்ப்பது போல இருந்தது.

வீட்டில் அதைவிட மோசம். மனைவி அவருக்கு முதலில் வடித்த சோறு, முதலில் ஊற்றிய குழம்பு என்று உபசாரம் செய்தாள். "என் தம்பிக்காக அரசாங்க ஆபீஸ்ல போய் நின்னு வாதாடியிருக்கீங்க. எங்கப்பா இருந்திருந்தாக்கூட இவ்வளவு செஞ்சிருக்க மாட்டாரு," என்றாள். பக்கத்து வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. எதிர் வீட்டிலிருந்து ஒருவர் தன் மருமகனின் வரிப் பிரச்சினைக்குச் சாரைப் பார்க்க முடியுமா என்று கேட்டனுப்பியிருந்தார். கோட்டண்ணன் தலைவலி என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார். அவள் தலைவலித் தைலத்தைக் கொண்டுவந்து நெற்றியில் தேய்த்தாள். அந்தக் கை பட்டபோது அவமானம் அவரைப் பிடுங்கித் தின்றது. இவளிடமாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் நாளைக்கே தம்பிக்குப் போகும். போகட்டுமே, அதுதானே வேண்டும்? அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

நாம் மறைக்கிறதை அடுத்தவருடைய நல்ல குணமே கொண்டுபோய் வெளியில் போட்டுவிடும். மைத்துனன் நல்லவன். தனக்கு உதவிய ஆபீசருக்கு நேரில் ஒரு நன்றி சொல்ல வேண்டும் என்று அவனும் அவன் மனைவியும் முடிவு செய்தார்கள். ஒரு நாள் விடுப்பு எடுத்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, அவன் வரி அலுவலகத்துக்குப் போனான்.

மறுநாள் சாயங்காலம் கோட்டண்ணன் ஒரு கட்டிடத்தில் வேலை முடித்துவிட்டு அறைக்குத் திரும்பினார். நாலு பேரும் இருந்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. விளிம்பு உடையாத கோப்பை அலமாரியில் கவிழ்ந்தே இருந்தது. அவர் கருவிப் பையை இறக்கி வைத்தார், கையைத் துடைத்தார், என்னப்பா சத்தத்தையே காணோம் என்று கேட்க வாயெடுத்தார். தொலைபேசி அடித்தது.

நாலு பேரில் ஒருவர்கூடச் சுவரைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார்கள். பழக்கதோஷம், அவர் கை நீண்டது. அதற்குள் மைத்துனன் எழுந்து ரிசீவர் மேல் கை வைத்துவிட்டான்.

"இதுக்கு நான் போறேன் அத்தான்."

"வேண்டாம் மச்சான், கடைசி மாசமாச்சே..." சொல்லி முடிப்பதற்குள் தன் காதிலேயே அது விழுந்தது. அந்த வாக்கியத்தைத் திரும்ப வாய்க்குள் இழுத்துக்கொள்ள முடியுமானால் அவர் இழுத்துக்கொண்டிருப்பார்.

மைத்துனன் பேசினான், முகவரி கேட்டுக்கொண்டான், வைத்தான். "நேத்து அந்த ஆபீசுக்குப் போயிருந்தேன்," என்றான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அந்தம்மாவுக்கு நன்றி சொல்லலாம்னு. நான் ஒண்ணுமே பண்ணலையேப்பா, உங்க அத்தானுக்கு விவரமா சொல்லித்தான் குடுத்தேன், அவரு உங்ககிட்ட சொல்லலையான்னு கேட்டாங்க."

கோட்டண்ணன் நின்ற இடத்திலேயே நின்றார். உட்காரலாமா கூடாதா என்றுகூடத் தெரியவில்லை.

"இத்தனை வருஷமா எங்க காசுல எங்களுக்கே சாப்பாடு வாங்கிப் போட்டீங்களேண்ணே," என்றான் ஸ்பேனர்.

"திருப்பிக் குடுத்துடறேன்பா. கணக்குப் போட்டு..."

"காசு கிடக்குது. கை கூப்பினேனே வருஷா வருஷம். அதை மொதல்ல திருப்பிக் குடுங்க."

மூக்குக்கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். மைத்துனன் ஸ்பேனரைக் கையமர்த்தினான்.

"இவங்க காலையிலேர்ந்து இதைத்தான் பேசிட்டு இருந்தாங்க. வேணும்னேதான் பண்ணியிருக்காருன்னு. நான் இல்லேன்னு சொன்னேன். அத்தானுக்குத் தெரியாது, நிஜமாவே அப்படித்தான்னு நம்பிட்டு இருந்தாருன்னு சொன்னேன். பிள்ளை மேல சத்தியம் பண்ணேன் அத்தான். கடைசியில இவங்களும் சரின்னு ஒத்துக்கிட்டாங்க. ஆனா நீங்க அந்த ஆபீசுக்குப் போய்ட்டு வந்த பிறகு ரெண்டு கம்ப்ளெயின்ட் வந்துது. ரெண்டுக்கும் நீங்கதான் போனீங்க. அதுக்கு என்ன சொல்றேன்னு கேட்டாங்க. எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்ல. நீங்களே சொல்லுங்க."

ஏழெட்டு வருஷத்துக்கு இந்தப் பையன் ஜாமீன் நின்றுவிட்டான். மீதி இருந்தது இரண்டே இரண்டு அழைப்பு. கோட்டண்ணனுக்குச் சொல்ல எத்தனையோ இருந்தது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டாயே, அதனால்தான் என்று சொல்லலாம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன் என்று சொல்லலாம். எல்லாமே சப்பைக்கட்டு என்று அவருக்கே தெரிந்தது. அவனுடைய முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுவரைப் பார்த்தார்.

"அந்த ரெண்டும் தெரிஞ்சேதான் போனேன்," என்றார்.

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மைத்துனன் குனிந்து கருவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். "ரெண்டாவது மாடியில நிக்குதாம். உள்ள ஆள் இல்ல, கதவு மட்டும் சிக்கியிருக்கு. விளக்குப் பிடிக்க ஒரு ஆள் வேணும்," என்று பொதுவாகச் சொன்னான். ஸ்பேனர் எழுந்திருக்கவில்லை. மற்றவர்களும் எழுந்திருக்கவில்லை. விளக்குப் பிடிப்பது வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் செய்கிற வேலை. அதற்கு ஓ.டி. கிடையாது. மைத்துனன் வாசல்வரை போய்த் திரும்பினான்.

"வாங்க அத்தான்."

இருவரும் பஸ் ஏறிப் போனார்கள். கட்டிடத்தில் காவலாளி மூன்றாவது மாடிக் கதவைத் திறந்துவிட்டார். அதன் வழியாக இருவரும் கூண்டின் தலையில் இறங்கினார்கள். எத்தனையோ நூறு தடவை நின்ற இடம். பெரிய கயிறுகள், தூசி, மேலே கரிய சதுரமாய்த் தெரிகிற மெஷின் ரூம். மைத்துனன் மண்டியிட்டு டோர் லாக்கின் மூடியைக் கழற்றினான். உள்ளே தொடுமுனைகள் கறுத்துக் கிடந்தன. உப்புத்தாளைச் சின்னதாகக் கிழித்து, மடித்து, இதமாகத் தேய்த்தான். அப்படித் தேய்க்க அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெளிச்சம் லாக்கின் மேல் நிற்காமல் அவன் விரலுக்கும் சுவருக்குமாக அலைந்தது. அவன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான்.

"விளக்கை ஆட்டாதீங்க அத்தான்," என்றான், திரும்பிப் பார்க்காமலே. "கண்ணுக்கு ஒண்ணும் தெரியல."

கோட்டண்ணன் டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.